கேமராவுக்கு முன்னால் கணக்குப் பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கல்வி இணைப்பில் அமெரிக்காவில் சினிமா படிப்பது பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். எல்லிஸ் ஆர். டங்கனை வைத்துத் தொடங்கியிருந்தது நன்றாக இருந்தது. தமிழ் தெரியாமல் 1935இல் இந்தியாவுக்கு வந்து, எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தலைகாட்டிய படத்தை இயக்கியவர் அவர். சினிமா படித்தது லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில். எல்லாம் சரி. அதற்குப் பிறகு கட்டுரை முழுக்க கேமரா, எடிட்டிங் மென்பொருள், கையில் நாலு குறும்படம் இருக்க வேண்டும் என்றே போகிறது. நடுவில் ஒரே ஒரு வரி: "முதல் இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொண்டால் செலவு குறையும்." அந்த ஒரு வரிக்குள் எங்கள் வீட்டில் முழுசாக ஒரு வருடம் தொலைந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. 2007இல் இங்கே வந்தோம். இப்போது இருப்பது கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட். நான் ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். சினிமா எனக்குப் பார்க்க மட்டும்தான் தெரியும். ஒரே மகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சினிமாதான் படிப்பேன் என்று நின்றாள். அவள் அப்பா ஒரு வாரம் பேசவில்லை. பிறகு, "படி. ஆனா கடன் வாங்கிப் படிக்கக் கூடாது" என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அப்படித்தான் கம்யூனிட்டி காலேஜ்.

ஊரில் சொன்னபோது என் மதினி கேட்டார்: "ஏன், காலேஜ்ல இடம் கிடைக்கலையா?" நம்மூர் டுடோரியல் மாதிரி நினைத்துவிட்டார். அது அப்படியில்லை. கலிஃபோர்னியாவில் இப்படி 116 அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பாடத்தின் அளவையும் இங்கே யூனிட் என்று எண்ணுகிறார்கள். இந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கு வேண்டியது 60 யூனிட். பெருக்கிப் பார்த்தால் 2,760 டாலர், இரண்டு வருடத்துக்கும் சேர்த்து. பல்கலைக்கழகத்தில் ஒரு வருடத்துக்கே இதைப்போலப் பல மடங்கு ஆகும். கடைசியில் கையில் வருவது பல்கலைக்கழகத்தின் பட்டம்தான். அதில் "பாதியில் வந்தவர்" என்று எதுவும் போடுவதில்லை. 'ஸ்டார் வார்ஸ்' எடுத்த ஜார்ஜ் லூகாஸ்கூட மொடெஸ்டோ ஜூனியர் காலேஜில் படித்துவிட்டுத்தான், டங்கன் படித்த அதே பல்கலைக்கழகத்துக்குப் போனார். மொடெஸ்டோ எங்களுக்கு ஒன்றரை மணி நேரத் தூரம். அங்கே இருக்கும்போது அவர் சமூகவியல், மானுடவியல், இலக்கியம் இதையெல்லாம் படித்தார் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. முன்னாலேயே தெரிந்திருந்தால் மகளோடு ஒரு சண்டை மிச்சமாகியிருக்கும்.

அவள் சேர்ந்தது 2022 ஆகஸ்டில். கல்லூரியின் பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. முதல் வாரமே கவுன்சிலரைப் பார்க்கச் சொன்னார்கள். (வார்டு கவுன்சிலர் இல்லை, என்ன பாடம் எடுக்கலாம் என்று சொல்கிறவர்.) பதினைந்து நிமிஷம் கொடுத்தார். மகள் நாலு பாடத்தைக் காட்டினாள்: கேமரா, எடிட்டிங், லைட்டிங், சவுண்ட். "இதெல்லாம் டிரான்ஸ்ஃபர் ஆகுமா?" என்று கேட்டாள், அதாவது பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது கணக்கில் வருமா என்று. "ஆகும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்ட கேள்விதான் அரைகுறை. கடையில் போய் "இது அரிசியா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். இட்லிக்கா, பொங்கலுக்கா என்று நாம்தான் கேட்க வேண்டும்.

அந்த ஒரு வருடம் வீட்டில் ஒரே கொண்டாட்டம். ஹாலில் டிரைபாட், ஜன்னலில் கறுப்புத் துணி. நான் தோசை சுடுவதை மூன்று கோணத்தில் எடுத்தாள். தோசை நாலு ஆறிப்போனது. கணக்கு எப்போ எடுக்கப்போகிறாய் என்று கேட்டால், "அம்மா, அது கடைசியில பாத்துக்கலாம்மா" என்பாள். நானும் விட்டுவிட்டேன். சினிமாவுக்குக் கணக்கு எதற்கு என்று எனக்கும்தானே தோன்றியது?

2023 நவம்பர். நன்றி நாள் விடுமுறை. விண்ணப்பத்துக்கு ஒரு வாரம்தான் பாக்கி. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் உளுந்து கழுவிக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் கல்லூரியின் பாடப் பட்டியலை, அந்த முன்னூறு பக்க கேட்டலாக்கை, திரையில் பெரிசுபண்ணி வைத்திருக்கிறாள். ஒவ்வொரு பாட விவரத்துக்கும் அடியில், கடைசி வரியில், சின்ன எழுத்தில் இரண்டே சொல் இருக்கும். சில பாடத்தில் "சி.எஸ்.யூ., யூ.சி." என்று இருக்கும். சிலதில் "சி.எஸ்.யூ." மட்டும். சி.எஸ்.யூ. என்பது கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகக் குடும்பம். யூ.சி. என்பது கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குடும்பம். கேட்க ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு வேறு. அவள் எடுத்த நாலில் இரண்டுக்கு அடியில் "யூ.சி." இல்லை. ஆறு யூனிட் போச்சு. அவள் ஆசைப்பட்டதோ யூ.சி. கல்லூரி.

அதைவிடப் பெரிய அடி வேறு. இரண்டு ஆங்கிலப் பாடம் கட்டாயம். இரண்டாவதை எடுக்க முதலாவதை முடித்திருக்க வேண்டும். ஒரே செமஸ்டரில் சேர்த்து எடுக்க முடியாது. அவள் முதலாவதையே அப்போதுதான் எடுத்துக்கொண்டிருந்தாள். கணக்கு எடுக்கவே இல்லை. அறிவியல் லேப் இல்லை. எல்லாவற்றையும் மிச்சமிருந்த ஒரு செமஸ்டரில் திணித்தால் 23 யூனிட் வரும். இங்கே முழுநேர மாணவர் என்றால் 12. 15 எடுப்பதே பெரும்பாடு. லேப்டாப்பை மூடிவிட்டு, "இந்த வருஷம் போடலம்மா" என்றாள். அவள் அழவில்லை. நான்தான் உளுந்துப் பாத்திரத்தோடு நின்று அழுதேன்.

இனி, நாங்கள் கற்றுக்கொண்டது. உங்கள் வாசகர்களில் பிள்ளையை இங்கே அனுப்ப நினைக்கிறவர்கள், இங்கேயே இருக்கிறவர்கள் இதை வெட்டி வைத்துக்கொண்டால் சந்தோஷம்.

"டிரான்ஸ்ஃபர் ஆகும்" என்பதற்குள் மூன்று அர்த்தம் ஒளிந்திருக்கிறது. முதலாவது, யூனிட் மட்டும் கணக்கில் ஏறும். 60ஐ நிரப்ப உதவும், அவ்வளவுதான். இரண்டாவது, பொதுக்கல்வியில், அதாவது எந்தத் துறைக்குப் போனாலும் படிக்க வேண்டிய பொதுப் பாடங்களில், ஒரு கட்டத்தை அடைக்கும். மூன்றாவது, போகிற பல்கலைக்கழகத்தின் சினிமா துறையில் இருக்கிற இன்ன பாடத்துக்கு இது ஈடு என்று அவர்களே எழுதி ஒப்புக்கொண்டிருப்பது. பிள்ளைகள் மூன்றாவது என்று நினைத்துக்கொண்டு முதலாவதை எடுக்கிறார்கள். கேமராப் பாடங்களில்தான் இது அதிகம் நடக்கிறது. கம்யூனிட்டி காலேஜில் லைட்டிங் படித்தாலும், போகிற இடத்தில் "எங்கள் முறையில் முதலிலிருந்து படி" என்று சொன்னால் படித்தாக வேண்டும். படித்தது வீணில்லை, கை பழகியிருக்கும். யூனிட் கணக்கில்தான் அடி.

எது எதற்கு ஈடு என்று பார்ப்பதற்கு மாநிலமே ஒரு இணையதளம் வைத்திருக்கிறது. பெயர் அசிஸ்ட். இலவசம். வருடம், படிக்கிற கல்லூரி, போக நினைக்கிற பல்கலைக்கழகம், துறை என்று நாலையும் தட்டினால் இடது பக்கம் அவர்கள் பாடம், வலது பக்கம் நம் பாடம் என்று வரிசையாக வரும். சில இடத்தில் வலது பக்கம் "ஈடான பாடம் இல்லை" என்று வரும். அது வந்தால் கோபப்படக் கூடாது. அந்தப் பாடத்தை அங்கே போய்த்தான் படிக்க வேண்டும் என்று அர்த்தம். நாங்கள் செய்த தப்பு, கல்லூரியில் என்ன இருக்கிறது என்று பார்த்து எடுத்தது. போகிற இடத்தின் பக்கத்தை முதலில் திறந்து, அங்கேயிருந்து பின்னோக்கி வந்திருக்க வேண்டும். நாலைந்து இடத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள் என்றால் நாலைந்து பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எல்லாவற்றிலும் பொதுவாக வருகிற பாடத்தை முதலில் எடுக்க வேண்டும்.

அப்படி வைத்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. மகளின் பட்டியலில் அடிக்கடி பொதுவாக வந்தது கேமரா இல்லை. சினிமா வரலாறு, சினிமா ரசனை மாதிரியான பாடங்கள். அவளுடைய கல்லூரியில் அதுவே பொதுக்கல்வியின் கலைக் கட்டத்தையும் அடைத்தது. ஒரே பாடம், இரண்டு வேலை. அதை அவள் "போர்" என்று ஒதுக்கி வைத்திருந்தாள்!

பொதுக்கல்விப் பட்டியல் பற்றியும் சொல்ல வேண்டும். மகள் சேர்ந்தபோது ஐஜெட்ஸி என்று ஒன்று இருந்தது. 2025 இலையுதிர் செமஸ்டரிலிருந்து புதிதாகச் சேர்கிறவர்களுக்கு கால்-ஜெட்ஸி. இரண்டு பல்கலைக்கழகக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே பட்டியல்: 11 பாடம், குறைந்தது 34 யூனிட். ஆங்கிலக் கட்டுரை, தர்க்கத்தோடு எழுதுவது, மேடையில் பேசுவது, கணக்கு, கலையில் ஒன்று, இலக்கியம் மாதிரி ஒன்று, சமூக அறிவியல் இரண்டு, இயற்பியல் பக்கம் ஒன்று, உயிரியல் பக்கம் ஒன்று, அதில் ஏதாவது ஒன்றுக்கு லேப், கடைசியாக இனக்குழுக்களைப் பற்றிய ஒரு பாடம். 60இல் பாதிக்கு மேல் இதிலேயே போய்விடுகிறது. மிச்சம்தான் சினிமா. இந்தக் கணக்கை முதல் நாளே யாராவது ஒரு தாளில் போட்டுக் காட்டியிருந்தால் நாலு கேமராப் பாடத்தை முதல் வருடமே எடுத்திருக்க மாட்டாள்.

லேப் பற்றி ஒரு வார்த்தை. லேப் உள்ள வகுப்பில் இடம் கம்மி. பதிவு தொடங்கின அன்றே நிரம்பிவிடும். பதிவு நாள் எல்லோருக்கும் ஒன்றில்லை. கவுன்சிலரோடு உட்கார்ந்து முழுக் கல்வித் திட்டம் எழுதிப் பதிவு செய்து வைத்தவர்களுக்கு முன்னதாகக் கிடைக்கும். மகள் அதை எழுதாமல் விட்டதால் ஒரு தடவை லேப்பில் காத்திருப்போர் பட்டியலில் 14ஆவது ஆளாக நின்றாள். ரயில் டிக்கெட்டாவது கடைசி நேரத்தில் உறுதியாகும்.

கணக்குக்கு வருகிறேன். சினிமாவுக்குப் போகிற பிள்ளைக்கு கால்குலஸ் வேண்டியதில்லை, புள்ளியியல் போதும். ஆனால் இரண்டு பல்கலைக்கழகக் குடும்பமும் கணக்கு இல்லாமல் உள்ளே விடாது. மாநிலப் பல்கலைக்கழகக் குடும்பத்தில் நாலு பாடத்துக்குத் "தங்க நாலு" என்றே பெயர்: எழுத்து, பேச்சு, தர்க்கம், கணக்கு. நாலிலும் சி மைனஸாவது வாங்க வேண்டும். யூ.சி.யில் இரண்டு ஆங்கிலம், ஒரு கணக்கு, வேறு நாலு பாடம், எல்லாவற்றிலும் சி. சேரப்போகிற இலையுதிர்காலத்துக்கு முந்தைய வசந்த செமஸ்டருக்குள் முடிந்திருக்க வேண்டும். கடைசிக்குத் தள்ளி வைத்து அதில் சறுக்கினால் மற்ற அத்தனையும் இருந்தும் வாசலில் நிற்க வேண்டியதுதான். என் மகள் 2024 வசந்தத்தில் புள்ளியியல் எடுத்தாள். பி வாங்கினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் மேசையில் மூன்று பிள்ளைகள் உட்கார்ந்து படித்தார்கள். நான் சுண்டல் போட்டேன். கணக்குக்குப் பயந்து கடைசிக்குத் தள்ளினவர்கள்தான் மூன்று பேரும், மூன்றும் கலைப் பிள்ளைகள்.

உங்கள் கட்டுரையில் நான் ஒத்துக்கொள்ளாத இடம் ஒன்று உண்டு. "குறும்படத் தொகுப்புதான் எல்லாம்" என்று எழுதியிருந்தீர்கள். அவள் விண்ணப்பித்த இடங்களில் கேட்டதில் பெரும்பகுதி எழுத்து. உன்னைப் பற்றி எழுது, ஒரு படத்தைப் பற்றி யோசித்து எழுது, ஒரு கதையோ காட்சியோ எழுது. மகளுக்கு அந்த எழுத்து எங்கேயிருந்து வந்தது தெரியுமா? படத்தைப் பற்றிய கட்டுரை அந்தப் "போர்" சினிமா வரலாற்று வகுப்பில் எழுதியது. ஆசிரியர் மூன்று தடவை திருப்பிக் கொடுத்துத் திருத்த வைத்தார். இன்னொன்று சமூகவியல் வகுப்பில் பிறந்தது. "உன் குடும்பத்தில் ஒருவரின் உழைப்பைப் பற்றி எழுது" என்றார்களாம். இவள் வீடியோ காலில் என் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். அம்மா கோவில்பட்டியில் தீப்பெட்டி வேலை பார்த்தவர். எத்தனையோ வருடமாகக் குச்சி அடுக்கவில்லை. ஆனாலும் பேசும்போது பெருவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ எடுத்து எடுத்து வரிசையில் வைத்துக்கொண்டே இருக்கும். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற கை. எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. இவள் கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு போன் திரையில் பார்த்து எழுதினாள். கேமராப் பாடத்தை மட்டும் எடுத்திருந்தால் அந்தக் கட்டுரை வந்திருக்காது என்று அவளே சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

தேதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பம் அக்டோபர் தொடங்கி நவம்பர் கடைசிவாக்கில் முடிகிறது. யூ.சி.யில் ஆறு இடங்களுக்கு முன்கூட்டியே இடத்தை உறுதி செய்துகொள்ளும் டேக் என்ற ஏற்பாடு உண்டு: டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ். ஒன்றுக்குத்தான் போடலாம், அதுவும் செப்டம்பரில். லாஸ் ஏஞ்சலிஸ், பெர்க்லி, சான் டியேகோவுக்கு அது கிடையாது. டேக் உள்ள இடத்திலும் எல்லாத் துறைக்கும் கிடையாது. நம் துறைக்கு உண்டா என்று அந்த வருடத்துப் பட்டியலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பம் போட்டதோடு முடியாது. ஜனவரியில் மதிப்பெண், வசந்தத்தில் எடுக்கிற பாடம் இரண்டையும் புதுப்பித்து அனுப்ப வேண்டும். "அதான் அப்ளை பண்ணியாச்சே" என்று இதை விட்டுவிட்டு முழிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்புறம், வேண்டிய பாடம் பத்தவில்லை என்று பயந்து கண்டதையும் எடுத்துக் குவிக்கவும் கூடாது. கம்யூனிட்டி காலேஜ் யூனிட்டில் 70க்கு மேல் யூ.சி. ஏற்றிக்கொள்ளாது. யூ.சி.யில் செல்லக்கூடிய யூனிட்டே மகள் கையில் கடைசியில் 74 இருந்தது. நாலு உபரி.

தமிழ்நாட்டிலிருந்து மாணவர் விசாவில் வந்து இதே வழியில் போக நினைக்கிறவர்களுக்கு இந்த 46 டாலர் பொருந்தாது. வெளியாட்களுக்கு யூனிட் கட்டணம் பல மடங்கு. ஒவ்வொரு செமஸ்டரும் 12 யூனிட்டாவது எடுத்தாக வேண்டும். அந்தப் பன்னிரண்டில் இணையவழி வகுப்பு ஒன்றுக்கு மேல் கணக்கில் வராது. ஆகவே அவர்களுக்கு ஒரு பாடம் தப்பிப்போனால் காசும் போகும், விசாவும் இடிக்கும். திட்டம் எங்களைவிட அவர்களுக்குத்தான் அதிகம் வேண்டும்.

மகள் 2024 நவம்பரில் விண்ணப்பித்து, 2025 இலையுதிர்காலத்தில் சேர்ந்துவிட்டாள். எங்கே என்று எழுதினால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். அங்கே லைட்டிங் முதலிலிருந்துதான் படிக்கிறாள். "இதெல்லாம் எனக்குத் தெரியும்மா" என்று அலுத்துக்கொள்கிறாள். பிறகு போனை வைக்க மனமில்லாமல் அரைமணி நேரம் அதைப் பற்றியே பேசுகிறாள்.

இரண்டாவது தடவை திட்டம் போட்ட தாள் எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியபடி இன்னும் இருக்கிறது. ஒரு செமஸ்டருக்கு ஒரு பத்தி. ஒவ்வொரு பாடத்துக்குப் பக்கத்திலும் மூன்று கட்டம்: யூனிட், பொதுக்கல்வி, துறை. மூன்றிலும் டிக் இருந்தால் பச்சை, ஒன்றில் மட்டும் இருந்தால் சிவப்பு. போன மாதம் பக்கத்துத் தெருத் தெலுங்குக்காரப் பையன் வந்து அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனான். அவனும் சினிமாதானாம். நேற்று அவன் அம்மாவைக் கடையில் பார்த்தேன். முதல் செமஸ்டரில் ஆங்கிலம், புள்ளியியல், சினிமா வரலாறு, மேடைப் பேச்சு போட்டிருக்கிறான். கேமரா ஒன்றுகூட இல்லையே என்று அந்த அம்மாவுக்கு ஒரே கவலை.

அடுத்த கல்வி இணைப்பில் அந்த ஒரு வரியைக் கொஞ்சம் விரித்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கோவில்பட்டி வாசகி,
ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா.